நடுவுக்கு வராத சுவிட்ச்

இண்டிகேட்டர் அணையாமல் ஒரு வண்டி முன்னால் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நம் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வோம். கையை நீட்டி, ஐந்து விரலையும் மூடித் திறந்து மூடித் திறந்து காட்டுவோம். போன மாதம் வடாலாவில் ஸ்கூட்டரில் போன ஒரு பெண்ணுக்கு நான் அப்படிக் காட்டினேன். யாரோ தெரிந்த ஆன்ட்டி டாட்டா சொல்கிறாள் என்று நினைத்திருப்பாள் போல. அவளும் சிரித்துக்கொண்டே கையாட்டிவிட்டு, இடது விளக்கு மினுக்க மினுக்க நேராகப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. மோனோ ரயில் தூணுக்குக் கீழே நின்று அந்த மஞ்சள் விளக்கு மறைகிற வரைக்கும் பார்த்தேன். எங்கள் மாமியின் கல்யாணம் ஒரு மழைக்காலம் முழுக்க அப்படி ஒரு விளக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

தாராவியில் நாம் இருந்த வீடுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்களுக்குக் கீழே ஒரே அறை. குளிக்கவும் பாத்திரம் கழுவவும் மூலையில் ஒரு மோரி. வாசலை ஒட்டிய இரும்பு ஏணியில் ஏறினால் மேலே பட்டறை. அங்கே வாப்பாவும் நாலைந்து காரிகர்களும் தோல் பர்ஸ் தைத்தார்கள். கீழே உம்மாவும் மாமியும் பர்ஸுக்கு உள்ளே வைக்கிற லைனிங் துணியை வெட்டி மடித்தார்கள். மாமி என்றால் வாப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் வழக்கில் அத்தையை மாமி என்போம், அண்ணனைக் காக்கா என்போம், அண்ணியை மைனி என்போம். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த சென்ட்ரல் மாட்டுங்கா ஐயர் வீட்டுப் பெண்ணுக்கு இது கடைசி வரை விளங்கவேயில்லை. "உங்க ஆத்துல காக்காய் எப்படிப் பர்ஸ் தைக்கும்?" என்று கேட்டாள்.

வீடு முழுக்கச் சொல்யூஷன் பசை வாடைதான். தோலின் இரண்டு பக்கமும் பிரஷ்ஷால் பசையைத் தடவி, அரை ஈரமாகக் காயவிட்டு, பிறகுதான் சேர்த்து ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் வழுக்கும், தாமதித்தால் பிடிக்காது. சரியான பதம் வந்துவிட்டதா என்று வாப்பா பெருவிரலால் தொட்டுப் பார்ப்பார். வலது கையில் பிரஷ் இருக்கும். ஆகவே தொடுவது இடது பெருவிரல். நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டு அந்த விரல் வார்னிஷ் அடித்த மாதிரி மினுங்கும். சாயங்காலம் அதை உரசினால் பசை புழுப் புழுவாக உருண்டு வரும். அதைச் சேர்த்து உருட்டிப் பந்து செய்தோமே, நினைவிருக்கிறதா? தரையில் அடித்தால் கூரை வரை எகிறும் கறுப்புப் பந்து. உங்களில் யாராவது ஒன்றாவது வைத்திருந்தால் சொல்லுங்கள், வந்து ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

வாப்பாவிடம் ஒரு பழக்கம். புதிதாக வேலை கேட்டு ஆள் வந்தால் ஊர், பேர், பழைய முதலாளி எதையும் விசாரிக்கமாட்டார். ஒரு பர்ஸ் ஒட்டச் சொல்லி அதைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிடுவார். வெள்ளிக்கு வெள்ளி அது அங்கே தொங்கும். அடுத்த வெள்ளி ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து விளிம்பை நகத்தால் நெம்புவார். வாய் திறக்காத பர்ஸ்காரனுக்கு வேலை உண்டு. வாய் திறந்துவிட்டால் அரை கிளாஸ் கட்டிங் சாயாவோடு சலாம்.

"வாய் பொய் சொல்லும், கை பொய் சொல்லாது" என்பார்.

அந்த வருஷம்தான் வாப்பா ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். மாஹிமுக்கும் வடாலாவுக்கும் சரக்குக் கொடுக்கப் போகும்போது என்னை முன்னால் பெட்ரோல் டாங்கி மேல் உட்கார வைத்துக்கொள்வார். பொம்பளைப் பிள்ளையை இப்படி உட்கார வைத்து ஊர்வலம் போகலாமா என்று உம்மா முணுமுணுப்பாள். வாப்பா காதில் வாங்கமாட்டார். ராணி மாதிரி உட்கார்ந்து போவேன்.

மழை தொடங்கியதும் இண்டிகேட்டர் சுவிட்ச் ஒட்ட ஆரம்பித்தது. இடது கைப்பிடியில் இருக்கும் அது. பெருவிரலால் இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ள வேண்டும், திரும்பி முடிந்ததும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இப்போதோ போன பக்கத்திலேயே நின்றுவிடும், நடுவுக்கு வராது. வாப்பா இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்துக்கொண்டு, "தள்ளு புள்ள" என்பார். நான் குனிந்து இரண்டு பெருவிரலாலும் முட்டித் தள்ளுவேன். டக்கென்று வரும். பெரிய உத்தியோகம் பார்க்கிற பெருமை எனக்கு. அந்த மழையில் எல்லாமே ஒட்டியது. கதவு ஒட்டியது, தீப்பெட்டி ஒட்டியது, அலமாரி இழுப்பறை ஒட்டியது. அதனால் எல்லோரும் மழையைத்தான் திட்டினார்கள்.

அப்போதுதான் மாமிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாஹிம் பக்கம் சின்னதாக ஒரு காரேஜ் வைத்திருந்த மெக்கானிக். நம் பக்கத்து ஆள்தான். அவருடைய உம்மா பிஸ்கட் பொட்டலமும் வாழைப்பழமுமாக வந்து, எங்கள் வீட்டுத் தகர நாற்காலியில் உட்கார்ந்து, "எம்மவனுக்கு எண்ணெக் கறையத் தவிர வேற கறை கிடையாது" என்றார். உம்மாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. மாமி ஏணிக்குப் பின்னால் நின்று கேட்டாள். மாமியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கேட்கிற வழக்கமும் இல்லை.

வாப்பா மட்டும், "ஆள் இருக்கட்டும், மொதல்ல கை எப்பிடின்னு பாப்போம்" என்றார். மறுநாளே வண்டியைக் காரேஜுக்கு ஓட்டினார். டாங்கி மேல் நானும் போனேன்.

மெக்கானிக் மாமா அதிகம் பேசாத ஆள். பழைய பேப்பரை விரித்து, கைப்பிடியில் இருந்த இரண்டு திருகாணியைக் கழற்றி, சுவிட்சை மெதுவாகப் பிரித்தார். உள்ளிருந்து ஒரு குட்டி ஸ்பிரிங்கும், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓர் இரும்புக் குண்டும் வந்தன. அந்தக் குண்டுதான் பள்ளத்தில் விழுந்து சுவிட்சை இடம், நடு, வலம் என்று நிறுத்துகிறது. அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"கெட்டியாப் பிடிச்சிக்கோம்மா. இது உருண்டு போச்சுன்னா பம்பாய் பூரா தேடணும்."

நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைப் பெட்ரோலில் முக்கி ஒவ்வொரு துண்டாகத் தேய்த்தார். பித்தளைத் தகடு மஞ்சளாக வெளியே வந்தது. நகக்கண் அளவு வாஸ்லின் தடவி, என் கையிலிருந்த குண்டை வாங்கி உள்ளே வைத்து மூடினார். டக், டக், டக். கேட்கவே இனிப்பாக இருந்தது.

"வெள்ளிக்கு வெள்ளி பாப்போம்" என்றார் வாப்பா. மெக்கானிக் மாமா புரிந்துகொண்டு தலையாட்டினார். வாப்பாவின் ஆணிக் கதை தாராவியில் யாருக்குத்தான் தெரியாது!

வீட்டுக்கு வந்ததும் மாமி என்னை மோரிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "என்ன சொன்னாவ? கையில குண்டு குடுத்தாவளா? சாயா குடிக்கறதுக்கு முந்தி கை கழுவினாவளா?" கழுவினார், மரத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினார் என்றேன். மாமி திரும்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத் திரும்பினாள் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

அடுத்த வெள்ளி வருவதற்குள் சுவிட்ச் மறுபடி ஒட்டிக்கொண்டது.

வாப்பா மழைக்கு ஒரு சலுகை கொடுத்தார். மழை கொஞ்சம் விட்டதும் வண்டியை இரண்டாம் தடவை கொண்டுபோனார். மெக்கானிக் மாமா பிரித்தார். பிரஷ்ஷால் தேய்த்தார். தேய்த்த பிரஷ்ஷை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாப்பாவின் கைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்துகொண்டார்.

"என்ன கோளாறு?" என்று வாப்பா கேட்டார்.

"இன்னும் நல்லாத் தொடச்சித் தாரேன் பாய்."

"கோளாறு என்னன்னு கேட்டேன்."

"அழுக்குதான் பாய்."

வரும் வழியெல்லாம் வாப்பா புகைந்துகொண்டே வந்தார். என்ன கோளாறு என்றே தெரியாமல் துடைத்துக் கொடுக்கிறவன் என்ன மெக்கானிக் என்றார். ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நம் பெரியவர்கள் எவ்வளவு சுலபமாக முடிவுகட்டினார்கள்! நாமும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

அப்புறம் ஒரு நாள் விழுந்தோம். சயான் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தோம். சுவிட்ச் இடது பக்கம் போய் நின்றுவிட்டது. நான் தள்ளினேன், வரவில்லை. நாங்கள் இடது பக்கம் திரும்பப் போகிறோம் என்று நம்பி, எதிரே வந்த ஒரு டாக்ஸிக்காரன் குறுக்கே புகுந்தான். வாப்பா பிரேக் போட்டார். வண்டி சரிந்தது. என் முழங்காலில் தோல் உரிந்தது. பெரிய அடி இல்லை. ஆனால் பர்ஸ் மூட்டை பிரிந்து சேற்றில் கொட்டிவிட்டது. வாப்பா மூட்டையைப் பார்க்கவில்லை. என்னைத் தூக்கி, தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தார்.

அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "ஒரு சுவிட்ச ஒழுங்காப் பண்ணத் தெரியாதவன நம்பி எம்புள்ளய ஏத்திட்டுப் போனேன். அவன நம்பி எந்தங்கச்சியக் குடுக்கவா?" என்று கத்தினார்.

உம்மா தணிந்த குரலில், "கேட்டியளா, இன்னும் ஒரு தடவ பாருங்களேன்" என்றாள்.

"பாக்கேன். மூணாந்தடவயும் ஒட்டிச்சின்னா தென்காசிக்குக் காயிதம் போட்டுருவேன்."

தென்காசிப் பக்கம் இன்னொரு சம்பந்தம் காத்திருந்தது. மாப்பிள்ளைக்கு நிலம் உண்டு. ஏற்கெனவே இருந்த மனைவி மௌத்து, இறந்துபோய்விட்டாள். பெரிய பெரிய பிள்ளைகள். தாராவியில் பிறந்து, குழாயடியில் இந்தியில் சண்டை போட்டு வளர்ந்த எங்கள் மாமி அங்கே போய் என்ன செய்வாள்? அன்று லைனிங் மடிக்கும்போது அவள் கண்ணீர் பச்சை சாட்டின் துணியில் விழுந்து வட்டம் வட்டமாகக் கறுத்ததை நான் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது.

மறுநாள் சந்து முனையில் நின்ற வண்டியின் சேற்றைக் கழுவ மாமி போனாள். வாளியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கைப்பிடியைத் துடைத்தவள் அந்தப் பாழாய்ப்போன சுவிட்சை ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள். விரலை எடுத்தாள். மறுபடி வைத்து எடுத்தாள். விரலோடு மெல்லிய நூல் ஒன்று இழுபட்டு வந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"ஏ புள்ள, உங்க வாப்பா எந்த விரலால இத அமுக்குதாவ?"

நான் இடது பெருவிரலைக் காட்டினேன்.

மாமி அப்படியே வண்டியோடு சாய்ந்து நின்றுவிட்டாள். "அல்லா! பதம் பாக்கற விரலுல்லா அது" என்றாள்.

பட்டறையிலிருந்து இறங்கி நேரே வண்டியில் ஏறுகிற மனிதர். விரலில் ஒட்டிய பசை ஒவ்வொரு திருப்பத்திலும் சுவிட்சுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் வீட்டில் கோணல் என்று பெயர் வாங்கியது மெக்கானிக்கின் கை.

"ஓடிப்போய் வாப்பாகிட்டச் சொல்லட்டா?" என்றேன். மாமி என் வாயைப் பொத்தினாள்.

"சொல்லிராதே. மூட்ட சேத்துல விழுந்தது, நீ விழுந்தது, எல்லாம் தன்னாலதான்னு தெரிஞ்சா காக்கா ஒடஞ்சி போயிருவாவ. நான் சொன்னாலோ, அவன் மேல ஆசப்பட்டுத்தான் பரிஞ்சி பேசுதான்னு ஊரு சொல்லும்."

"ஆசதானே மாமி?" என்று கேட்டேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. வலிக்காத குட்டு.

மூன்றாம் தடவையும் மெக்கானிக் மாமா துடைத்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் மாமி வாசல் ஆணியில் ஒரு துணியை மாட்டினாள். பச்சை லைனிங் துண்டு. அடுப்புக்கு வாங்கிய காஸ்லேட்டில், அதாவது மண்ணெண்ணெயில், ஒரு முனையை நனைத்திருந்தாள். வாப்பா இறங்கியதும், "காக்கா, கையத் தொடச்சிட்டு ஏறுங்க. புள்ள பெருநாள் கவுனெல்லாம் பசக் கறை. மைனி என்னைத்தான் ஏசுதாவ" என்றாள். வாப்பா முனகிக்கொண்டே துடைத்தார். அந்த வாரம் முழுக்க, வாப்பா இறங்கும்போதெல்லாம் மாமி எங்கிருந்தோ துணியோடு வந்து நின்றாள். சோறு பொங்கி வழிந்தாலும் துணிதான் முதலில்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வாப்பா என்னை ஏற்றிக்கொண்டு மாஹிம் வரைக்கும் போனார். கடல் வாடை அடிக்கிற இடத்தில் ஓரமாக நிறுத்தினார். சுவிட்சை இடம் தள்ளினார், நடுவுக்கு வந்தது. வலம் தள்ளினார், நடுவுக்கு வந்தது. டக், டக், டக். எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. வாப்பா பெருவிரலைத் தூக்கிப் பார்த்தார். மூக்கில் வைத்து முகர்ந்தார். பிறகு என் கவுனை ஒரு தடவை குனிந்து பார்த்தார். அது மாமி சொன்ன பெருநாள் கவுன் அல்ல, பள்ளிக்கூட யூனிபாரம்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம், "மாஹிமுக்குச் சொல்லியனுப்பு. கை நல்ல கைதான்" என்றார். ஏணிப் பக்கம் நின்ற மாமியைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். வாப்பா சிரிப்பது அபூர்வம். மாமி பயந்துபோய் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கல்யாணம் நடந்தது. மாமி மாஹிமுக்குப் போனாள், பிற்பாடு சீத்தா கேம்புக்குப் போனாள். நம் எல்லோரையும்போல அவர்களும் இடம் மாறி மாறித்தான் காலம் தள்ளினார்கள்.

வடாலாவில் அந்தப் பெண்ணைப் பார்த்த வாரமே நான் மாமியைப் பார்க்கப் போனேன். மாமிக்கு முட்டுவலி. மெக்கானிக் மாமா கட்டிலில் சாய்ந்து பேப்பரில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். இண்டிகேட்டர் கதையைச் சொன்னேன், டாட்டா காட்டியதைச் சொன்னேன். மாமி சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் வாடிப்போனது.

"ஒங்கிட்டயாவது சொல்லிருதேன். உங்க வாப்பாவ ஏமாத்தித்தான் நான் இந்த வீட்டுக்கு வந்தேன்" என்றாள். "ஆஸ்பத்திரில கடைசியாக் கெடந்தாவல்லா, அப்ப பக்கத்துல உக்காந்து, பொறுத்துக்கிடுங்க காக்கான்னு சொல்ல வாயெடுத்தேன். எதுக்குன்னு கேப்பாவளே. சாவக் கெடக்கற மனுசங்கிட்ட, கோளாறு உங்க விரல்லதான் இருந்துச்சு, நாந்தான் மறச்சேன்னு எப்பிடிச் சொல்ல? சொல்லாமலே போயிட்டாவ. அதுலேர்ந்து ஒவ்வொரு தொழுகையிலயும் அதான் நெனப்பு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை காலமும் இதையா சுமந்துகொண்டிருந்தாள்?

"மாமி, வாப்பாவுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க கல்யாணமாகிப் போன பொறவு ஆணியில துணி மாட்ட ஆளில்ல. சுவிட்ச் மறுபடி ஒட்டும், தள்ளற வேல எனக்குத் திரும்பக் கெடைக்கும்னு காத்திருந்தேன். ஒட்டவேயில்ல. வாப்பாவே அந்தத் துணிய எடுத்து வண்டி கைப்பிடில கட்டி வச்சிருந்தாவ. ஏறதுக்கு முந்தி விரல அழுத்தித் தொடப்பாவ. யாரு சொல்லியும் இல்ல. வண்டிய விக்கற வரைக்கும் அது அங்கனதான் கெடந்துச்சு. அந்தப் பச்சத் துணி."

கட்டிலிலிருந்து மெக்கானிக் மாமா பேப்பரை இறக்கினார். "ஆமா. மொத சர்வீசுக்கு வந்தப்பவே பாத்தேன். துணிய மோந்து பாத்தேன், காஸ்லேட் வாடை. சரி, பாய்க்கு வெளங்கிருச்சின்னு நெனச்சிக்கிட்டேன்."

மாமி அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப உங்களுக்கும் தெரியுமா? பசைன்னு?"

"ரெண்டாந்தடவ தெறந்தப்பவே தெரியும். பொண்ணு கேட்டுப் போன எடத்துல, கோளாறு உங்க கையிலதான் பாய்னு சொல்லச் சொல்லுதியா? வாரா வாரம் ஓசிக்குத் தொடச்சிக் குடுக்கலாம்னு இருந்தேன். வந்தா உங்க வீட்டுச் சேதியாவது காதுல விழும்."

மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று பேரும் மற்றவர் மனசு நோகக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு, ஒரே வீட்டு விசேஷங்களில் ஒரே சஹன் தட்டில் சோறு தின்றிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

மாமி வெகுநேரம் தன் இடது பெருவிரலை வலது கையால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப அந்த வெள்ளிக்கெழம என்னப் பாத்துச் சிரிச்சாவளே, அது அதுக்குத்தானா?"

"அதுக்குத்தான் மாமி" என்றேன்.